நஞ்சேறிய அரசு நிலத்தைக் கூறுபோட்டுச் சுத்தம் செய்வது எப்படி? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசனக்காரர்களோடும் வார்டு மக்களோடும் நிலத்தடி நீர் பற்றிப் பேசப் போகிறேன். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. மூடிக்கிடக்கும் பணிமனை, பழைய மின்மாற்றிக் கிடங்கு, ரயில்வே யார்டு, பூச்சிமருந்து அடுக்கிவைத்த குடோன் என்று அரசுக்குச் சொந்தமான இடங்களில் மண் கெட்டுக் கிடந்தால் அதை எப்படிப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள், எங்கள் கிணறு அதில் எந்தக் கணக்கில் வரும் என்கிறார்கள். சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் வருகிறது?

2025 ஜூலை 24 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நஞ்சேறிய இடங்களுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. அபாயக் கழிவை எப்படி ஏற்றிப்போவது, எங்கே புதைப்பது என்பதற்கு முன்பே விதி இருந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணை யார், எந்த வரிசையில் சீர்செய்வது என்பதற்குத்தான் தனி விதி இல்லாமல் இருந்தது. இப்போது மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியமோ அதற்காகக் குறிக்கப்பட்ட நிபுணர் அமைப்போ 90 நாளில் முதல் ஆய்வை முடிக்க வேண்டும். சந்தேகம் உறுதியானால் இன்னொரு 90 நாளில் விரிவான ஆய்வு. 189 ரசாயனங்களுக்கு அளவு பார்க்கிறார்கள். சுத்தம் செய்து முடிப்பதற்கு மட்டும் காலக்கெடு எதுவும் விதியில் இல்லை.

அந்த விரிவான ஆய்வில்தான் யாரோ ஒருவர் வரைபடத்தை விரித்துக் கோடு போடுவார். இது முதல் பணிப்பிரிவு, இது இரண்டாம் பணிப்பிரிவு, இது நம் வேலையில் சேராது என்று அன்றைக்கே முடிவாகிவிடும். கோடு போட்டு எஸ்டிமேட்டும் தயாரான பிறகு போய் முறையிடுவதைவிட, கோடு போடும்போதே பக்கத்தில் நிற்பது ஆயிரம் மடங்கு பயன் தரும். இந்தப் பக்கத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

பணிப்பிரிவு என்கிறீர்களே, அது என்ன?

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு 'ஆப்பரபிள் யூனிட்' என்று பெயர். 1980-ல் அங்கே 'சூப்பர்ஃபண்ட்' என்று மக்கள் சொல்லும் சுத்திகரிப்புச் சட்டம் வந்தது. அதன் நடைமுறை விதிகளில் இந்தச் சொல் வருகிறது. ஓர் இடத்தின் மொத்தச் சிக்கலையும் தீர்ப்பதை நோக்கிப் போகும் பாதையில், தனியாக எடுத்துச் செய்யக்கூடிய ஒரு படி என்பது அதன் பொருள். நான் 'பணிப்பிரிவு' என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

'படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணிப்பிரிவு நிலத்தின் ஒரு துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இடத்தை வைத்துப் பிரிக்கலாம்: வடக்குக் கொட்டகை, தெற்குப் பள்ளம். சிக்கலை வைத்துப் பிரிக்கலாம்: டீசல் ஊறிய மண் ஒன்று, நிலத்தடி நீர் ஒன்று. காலத்தை வைத்தும் பிரிக்கலாம்: முதலில் கசிவை நிறுத்துவது, பிறகு மண்ணை எடுப்பது.

மொத்த இடத்தையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்துவிட்டால் என்ன?

சின்ன இடமென்றால் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஐந்து சென்ட் டீசல் பங்க்குக்குப் பணிப்பிரிவு எதற்கு?

பெரிய அரசு வளாகங்களின் கதை வேறு. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, 1943-ல் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிக்க எடுத்த நிலம். சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா ஆற்றங்கரையில் ஒன்பது அணு உலைகள். உள்ளே தள்ளி, 20 கோடி லிட்டருக்கு மேல் கதிரியக்கக் கழிவைத் தேக்கிய 177 நிலத்தடித் தொட்டிகள். ஆய்வுக்கூடங்கள், வண்டி ஷெட்டுகள். இதையெல்லாம் ஒரே கோப்பில் வைத்தால், தொட்டிக் கழிவுக்கு வழி தெரியும்வரை வண்டி ஷெட்டுக்குப் பக்கத்து எண்ணெய் மண்ணும் காத்துக்கிடக்கும். அதனால் 1989-ல் சூப்பர்ஃபண்டில் சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கும்போதே அதை நான்காகப் பிரித்தார்கள். பணிமனைகளும் வண்டிப் பராமரிப்பும் இருந்த பகுதி 1996-லேயே சுத்தமாகிப் பட்டியலிலிருந்து வெளியேறியது. தொட்டிகளின் வேலை இன்றுவரை நடக்கிறது. பிரிக்காமல் இருந்திருந்தால் முதலாவது நடந்தே இருக்காது.

இன்னொரு காரணம் நஞ்சின் குணம். ஒரு பணிமனையில் டீசல் சிந்திய இடமும் குரோமியம் முலாம் பூசிய தொட்டியடியும் அடுத்தடுத்து இருப்பது வழக்கம். டீசல் தண்ணீருக்கு மேலே மிதக்கும். மண்ணுக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும். குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிற குரோமியம் தண்ணீரில் கரைந்து ஓடும். இரும்பு உப்புப் போன்ற ஒன்றைக் கலந்து மூன்று இணைதிறக் குரோமியமாக மாற்றினால்தான் அது மண்ணோடு ஒட்டி நிற்கும். ஒன்றுக்குக் காற்று வேண்டும், மற்றதற்குக் காற்று ஆகாது. இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் ஒரே வைத்தியத்துக்கு எழுதினால் ஒன்றாவது கெடும்.

கோட்டை எதை வைத்துப் போடுகிறார்கள்?

மூன்று ஊர்களின் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்றிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒஹையோ மாநிலத்தில் ஃபெர்னால்டு. 1951 முதல் 1989 வரை ஆயுதங்களுக்காக யுரேனியம் பதப்படுத்திய 1,050 ஏக்கர் அரசு ஆலை. அதை ஐந்தாகப் பிரித்தார்கள்: கழிவுக் குழிகள் ஒன்று, சாம்பல் குவியல் மாதிரியான மற்றக் கழிவிடங்கள் ஒன்று, உற்பத்திக் கட்டடங்கள் ஒன்று, வீரியமான கழிவை அடைத்த கான்கிரீட் குதிர்கள் ஒன்று. ஐந்தாவதாக, இந்த நான்கிலிருந்தும் எது எங்கே கசிந்திருந்தாலும் அந்த மண், ஓடை, நிலத்தடி நீர் எல்லாம் சேர்த்து ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான். முதல் நான்கும் நஞ்சு வைத்திருந்த இடங்கள், ஐந்தாவது நஞ்சு போய்ச் சேர்ந்த இடம். எதுவும் இரண்டு கோட்டுக்கு நடுவே விழுந்து அநாதையாகவில்லை. 2006-ல் தரைக்கு மேலான வேலைகள் முடிந்தன. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தப்படுத்துவது அதன் பிறகும் தொடர்ந்தது.

டென்வர் நகருக்குப் பக்கத்தில் ராக்கி ஃபிளாட்ஸ். அணுகுண்டின் புளூட்டோனியப் பாகங்கள் செய்த இடம். 1991 ஒப்பந்தத்தில் 16 பணிப்பிரிவுகள் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு, தனி அறிக்கை, தனிக் கெடு. ஐந்து வருடத்தில் காகிதம்தான் குவிந்தது. 1996-ல் புதிய ஒப்பந்தம் போட்டு, தொழிற்பகுதி ஒன்று, அதைச் சுற்றிய காலி நிலம் ஒன்று என்று வளாகத்துக்குள்ளே இரண்டாகச் சுருக்கினார்கள். 2005-ல் நேரடி வேலை முடிந்தது. பிரிப்பதிலும் அளவு வேண்டும்.

மூன்றாவது டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ். அங்கே முதலில் கழிவு கிடந்த இடங்களைக் கூட்டம் கூட்டமாகத் தொகுத்தார்கள். மேட்டில் ஒரு குழு, பள்ளத்தில் ஒரு குழு. மேட்டுக் கழிவு மழையில் கரைந்து பள்ளத்துக்கு வந்துகொண்டே இருந்தால் பள்ளத்தை எத்தனை முறை சுத்தம் செய்வது? 1990-களின் நடுவில் போக்கை மாற்றி, நீர்ப்பிடிப்புப் பள்ளத்தாக்கையே அலகாக வைத்தார்கள். ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலம் முழுவதும் ஒரு கணக்கு.

நம் ஊருக்கு எந்த முறை பொருந்தும்?

என் பதில் சந்தேகமில்லாமல் ஓக் ரிட்ஜ் முறை. பேர் தெரியாவிட்டாலும் நம் பாட்டன்மார் அதைத்தான் செய்துவைத்தார்கள்.

நம் கண்மாய்கள் தனித்தனி இல்லை. மேலக் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே கீழக் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. செல்லூர்க் கண்மாயின் உபரி பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போகிறது. கிருதுமால் மதுரைக்குள் எதையெல்லாம் வாங்கிக்கொள்கிறதோ அதெல்லாம் கீழே உள்ள கண்மாய்களுக்குத்தான் போகிறது. ஆகவே ஓர் அரசு வளாகம் எந்தக் கண்மாயின் வரத்தில் இருக்கிறது, அந்தக் கண்மாயின் கலுங்கு எங்கே விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு சம்பவம். திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கையில் இருந்த வரைபடத்தில் வரத்துக் கால்வாய் நேராகக் கண்மாயில் சேர்ந்தது. நான் அந்த முகத்துவாரத்தில் பாட்டிலை முக்கப் போனேன். கரையில் உட்கார்ந்திருந்த மடைக்காரப் பெரியவர், "தம்பி, அங்க எடுத்து என்ன செய்யப் போற? அந்தக் கால் தூந்து போயி இருபது வருசம் ஆச்சு. மழைத்தண்ணி இப்ப கருவேலங்காட்டுக்குள்ள பூந்து கிழக்க வருது" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முள்ளுக்குள் குனிந்து நடந்தால் ஓரிடத்தில் மண் மட்டும் கறுப்பாக, விரலில் தேய்த்தால் வழுக்குகிற மாதிரி கிடந்தது. அந்த வண்டலை எடுத்தோம். மேலே இருந்த ஒரு பணிமனைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கும் வழி அதுதான். வரைபடத்தை நம்பி எடுத்திருந்தால் சுத்தமான தண்ணீரை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மடைக்காரரைத் தேடிவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிறேன்.

எங்கள் போர்வெல் அந்த வளாகத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

தூரத்தை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. மதுரை மாவட்டத்தின் அடியில் கெட்டிப்பாறை. சார்னகைட், நைஸ் வகைகள். யானைமலையாகவும் நாகமலையாகவும் மேலே தெரிவது மாதிரியான பாறைதான் கீழேயும் கிடக்கிறது. ஆற்று மணலில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஊறிப் பரவும். பாறையில் அப்படியில்லை, மேலே சிதைந்த பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும், ஓடும். ஒரு போரில் இரண்டு இஞ்சு தண்ணீர் கொட்ட, பத்தடி தள்ளிப் போட்ட போரில் புகை பறந்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. நஞ்சும் அதே வெடிப்பில்தான் போகும். பக்கத்துக் கிணறு தப்பித்து, தூரத்துக் கிணறு கெடலாம்.

ஆகவே வளாகத்தைச் சுற்றிக் காம்பஸால் வட்டம் போட்டு 'இதற்குள் மட்டும் ஆய்வு' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் எந்தெந்தப் போர் ஒன்று ஓடினால் மற்றது குறைகிறது என்பதை விவசாயிகள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவல்தான் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு முதல் துப்பு. எழுதிக் கொடுங்கள்.

நிலத்தடி நீரை ஏன் தனிப் பிரிவாக வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறீர்கள்?

பாகப்பிரிவினையை நினைத்துப் பாருங்கள். மூன்று அண்ணன் தம்பிகள் நிலத்தை மூன்றாக அளந்து கல் ஊன்றுவார்கள். கிணற்றை அளந்து பிரிக்க முடியாது. பத்திரத்தில் 'கிணறு பொது, மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, முறை வைத்து இறைத்துக்கொள்வது' என்று எழுதுவார்கள். எழுதாமல் விட்ட குடும்பங்களில் என்ன நடந்தது என்று கோர்ட்டு வாசலில் கேட்டால் சொல்வார்கள்.

நஞ்சேறிய நிலத்திலும் அதே கதைதான். மேலே மண்ணை ஐந்தாகப் பிரிக்கலாம். அடியில் ஓடுகிற தண்ணீர் கல்லைப் பார்த்து நிற்காது. அதை ஒவ்வொரு பிரிவுக்கும் துண்டாகக் கொடுத்தால், முதல் பிரிவுக்காரர் 'இந்த நஞ்சு இரண்டாம் பிரிவிலிருந்து வருகிறது' என்பார். இரண்டாமவர் மூன்றாமவரைக் காட்டுவார். ஹான்ஃபோர்டில் அதனால்தான் ஒவ்வொரு பகுதியிலும் மண்ணுக்குத் தனிப் பிரிவும், நிலத்தடி நீருக்குத் தனிப் பிரிவும் வைத்தார்கள். அங்கே உலையைக் குளிர்விக்கும் தண்ணீரில் குழாய் துருப்பிடிக்காமலிருக்கச் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். அது சிந்தி, ஆறு இணைதிற குரோமியமாக நிலத்தடி நீரில் இறங்கி, ஆற்றை நோக்கி நகர்ந்தது. தண்ணீர்ப் பிரிவில் இறைத்துச் சுத்தப்படுத்தும்போதே, மேலே மண் பிரிவில் ஊற்றுக்கண்ணைத் தேடித் தோண்டினார்கள். ஓரிடத்தில் மஞ்சள் கறை விடாமல் கீழே போக, நிலத்தடி நீர் மட்டம் வரை 85 அடி தோண்ட வேண்டியிருந்தது.

ஒரு தகவல் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. நம் குடிநீர்த் தரத்தில் குரோமியம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். ஹான்ஃபோர்டில் ஆற்றோரம் எட்ட வேண்டிய அளவு ஆறு இணைதிற குரோமியத்துக்கு வெறும் 10. ஆற்றடிக் கூழாங்கல்லுக்குள் பொரிக்கும் மீன்குஞ்சுக்கு மனிதனைவிடக் குறைந்த அளவே ஆகாது என்பதால். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். நம் கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை நடக்கிறது. அந்த மீனுக்கு யார் அளவு வைப்பது?

குரோமியம் நமக்குத் தூரத்து ஊர்ச் சங்கதி இல்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது. குவியலை மட்டும் ஒரு பிரிவாக எழுதி அள்ளிக்கொண்டு போனாலும், அடியில் இறங்கியது இறங்கியதுதான்.

சர்வே எண்படி பிரித்துவிட்டால் சுலபமில்லையா?

ஆபீசுக்குச் சுலபம். சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடம் கையில் இருக்கும், பட்டா இருக்கும், பொறுப்பு யாருக்கு என்று தெரியும். ஆனால் நஞ்சுக்குச் சர்வே எண் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே கண்மாய்ச் சங்கிலியில் மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை, நடுவில் நெடுஞ்சாலைப் பாலம், பக்கத்தில் வருவாய்ப் புறம்போக்கு. சர்வே எண்ணைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளட்டும், எல்லையைத் தண்ணீர் சொல்லட்டும்.

டெண்டரில் 'பேக்கேஜ்' என்று போடுகிறார்களே, அதுவும் பணிப்பிரிவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையை ஆறாறு பேக்கேஜாகக் கொடுத்தார்கள். வேலையை ஒரே ஒப்பந்தக்காரர் தாங்க மாட்டார், பலர் ஒரே நேரத்தில் செய்தால் சீக்கிரம் முடியும் என்பது அதன் நியாயம். தவறில்லை. பேக்கேஜ் என்பது எவ்வளவு அள்ள வேண்டும் என்ற கணக்கு. பணிப்பிரிவு என்பது எந்த ஆபத்தை, எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு. பேக்கேஜ் முடிந்ததற்குச் சாட்சி டன் கணக்கில் எடைச்சீட்டு. பணிப்பிரிவு முடிந்ததற்குச் சாட்சி ஆய்வுக்கூட முடிவு.

வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு இதில் வருமா?

அவனியாபுரத்துக்காரர்கள் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். 2025 விதிகள் நகராட்சிக் குப்பைக் கிடங்கு, சுரங்கம், கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய் சிந்துவது ஆகியவற்றுக்கு விலக்குத் தருகின்றன, அவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால். ஆகவே வெள்ளைக்கல்லுக்குத் திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் வழி. அதற்காக மேலே சொன்ன யோசனை பயன்படாது என்று நினைக்க வேண்டாம். குப்பைமேட்டை அகற்றுவது ஒரு வேலை, அதன் கசிவு இறங்கிய தண்ணீரைப் பார்ப்பது இன்னொரு வேலை என்று கேட்க எந்த விதியும் தடையில்லை.

கண்மாய் வண்டல் யாருடைய பிரிவு?

பலரும் விட்டுவிடுகிற இடம் இது. மேலே நான்கு வளாகம் இருந்தால் நான்கின் கழிவும் கண்மாயின் உள்வாயில் வந்து படியும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

தென் கரோலினாவின் சவானா ஆற்று வளாகத்தில் 515 கழிவிடங்களைக் கணக்கெடுத்தார்கள். எல்லாம் கடைசியில் வளாகத்துக்குள் ஓடும் சில ஓடைகளில்தான் கலந்தன. ஒவ்வோர் ஓடையையும் அதன் சதுப்பையும் சேர்த்து, 'எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிற பிரிவு' என்று தனியே வைத்தார்கள். மேலே வேலை நடக்க நடக்க, ஓடையில் அளவு குறைகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள். குறையவில்லையென்றால் மேலே எதையோ தவற விட்டிருக்கிறோம் என்று பொருள். நம் கண்மாய்க்கு அச்சாகப் பொருந்தும் முறை இது. கண்மாய்தான் மேலே இருப்பவர்களின் மதிப்பெண் சீட்டு.

ஒரு வேண்டுகோள்: வண்டலைச் சோதிக்காமல் வயலுக்கு அள்ளாதீர்கள். கரம்பை அடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் மேலே பணிமனையோ முலாம் பட்டறையோ இருந்தால் முதலில் ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையாவது பார்த்துவிடுங்கள்.

எங்கள் குடிதண்ணீரே கெட்டிருக்கிறது. பிரித்து, ஆய்ந்து, வருடக் கணக்கில் காத்திருக்கவா?

கூடாது. குடிநீர்தான் முதல் பிரிவு. அதற்கு முழு ஆய்வு முடிய வேண்டியதில்லை. கெட்ட கிணற்றைச் சிவப்பு அடித்து மூடுவது, மாற்றுக் குழாய் கொண்டுவருவது, கசியும் பீப்பாயை அப்புறப்படுத்துவது, வேலி போடுவது எல்லாம் உடனே செய்ய வேண்டியவை. சூப்பர்ஃபண்ட் நடைமுறையிலும் அவசர அகற்றலுக்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆய்வு நடக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி யாராவது லாரித் தண்ணீரைத் தள்ளிப்போட்டால் ஏற்காதீர்கள்.

அரசு நிலத்தை அரசே சோதித்து அரசே சரியென்று சொல்லுமா?

நியாயமான பயம். அமெரிக்காவிலும் இந்தப் பயம் இருந்தது. 1986-ல் சட்டத்தைத் திருத்தி 120-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். மத்திய அரசின் துறைகளும் தனியாரைப் போலவே இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும்; எப்படிச் சுத்தம் செய்வது என்பதில் துறைக்கும் சுற்றுச்சூழல் முகமைக்கும் ஒத்துப்போகாவிட்டால் முகமைதான் முடிவெடுக்கும். ஹான்ஃபோர்டில் 1989 மே 15 அன்று எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் முகமை, வாஷிங்டன் மாநில அரசு மூன்றும் ஒப்பந்தம் போட்டன. எந்தப் பிரிவு எப்போது முடியும் என்ற கெடுக்கள் அதில் எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டன.

கெட்ட நிலத்தின் சொந்தக்காரரான துறை ஒன்றும், சோதிக்கிற கை வேறொன்றுமாக இருக்க வேண்டும் என்பதை நம் ஊரிலும் கேட்கலாம். மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் இருவர் கூட நிற்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டாவது பாட்டில் நிரப்பி முத்திரை வைத்து வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கேட்கலாம்.

'வேலை முடிந்தது' என்று அறிவித்தால் நம்பலாமா?

எந்தப் பிரிவு முடிந்தது என்று கேளுங்கள். போபாலில் 1984 விஷவாயுக் கொடுமை நடந்த ஆலையில் அடுக்கியிருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் பீதம்பூருக்கு ஏற்றிப்போனார்கள். அந்த வருடம் ஜூன் முடிவதற்குள் எரித்தார்கள். நாற்பது வருடக் கழிவு போய்விட்டது என்று செய்தி படித்தவர்கள் நினைத்தார்கள். போனது, மூட்டை கட்டி வைத்திருந்த பிரிவு. ஆலையைச் சுற்றிப் புதைத்ததும், மண்ணில் ஊறியதும், குடியிருப்புகளின் அடியில் நிலத்தடி நீரில் கலந்ததும் அந்தக் கணக்கில் இல்லை.

நமக்குக் கிட்டத்தில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை. தனியார் இடம்தான், ஆனால் பாடம் ஒன்றே. 2001-ல் மூடினார்கள். 2003-ல் பாதரசக் கழிவு சுமார் 290 டன்னைக் கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை சுத்தம் செய்தால் போதும் என்ற அளவு வந்தபோது பலரும் எதிர்த்தார்கள். காரணம், ஆலைச் சுவருக்கு வெளியே பாம்பார்ச் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் வந்து வைகைப் படுகையில் சேர்கிறது. சுவருக்கு உள்ளே ஒரு பிரிவு என்றால் சுவருக்கு வெளியே சோலையும் ஓடையும் எந்தப் பிரிவு என்று அன்று எழுந்த கேள்விதான் எனக்கு இந்தத் துறையில் முதல் பாடம்.

அமெரிக்கச் சட்டத்தில் நஞ்சை முழுதாக எடுக்காமல் ஓரளவு விட்டுவைத்த இடத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ராக்கி ஃபிளாட்ஸில் சுற்று நிலம் 2007-ல் பட்டியலிலிருந்து நீங்கி வனவிலங்குச் சரணாலயமானது. நடுவில் சுமார் 1,300 ஏக்கர் இன்னும் எரிசக்தித் துறையின் கையில்தான் இருக்கிறது, தோண்டவும் வீடு கட்டவும் தடையோடு. அதை ஒளிக்காமல் தனிப் பிரிவாகவே காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் மெச்ச வேண்டியது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். என்ன எழுதட்டும்?

'எங்கள் பகுதியைச் சுத்தம் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் ஒப்புகைச் சீட்டுதான் கிடைக்கும். வளாகத்தின் பெயர், சர்வே எண், அது எந்தக் கண்மாயின் வரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கிணற்றில் நிறமோ வாடையோ மாறியது என்று தேதியோடு எழுதுங்கள். சந்தேக இடங்களின் அரையாண்டுப் பட்டியலில் இந்த இடம் சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஆய்வு தொடங்கியிருந்தால் எத்தனை பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள், நிலத்தடி நீர் எந்தப் பிரிவில், கண்மாய் வண்டல் எந்தப் பிரிவில், வளாகச் சுவருக்கு வெளியே எதுவரை என்று வரைபட நகல் கேளுங்கள். பதில் வராவிட்டால் இதே கேள்விகளை ஆர்.டி.ஐ.யில் போடலாம். ஊர்க் கையெழுத்தில் மடைக்காரர் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

மாதிரி எடுக்க வருகிறேன் என்கிறார்கள். எந்த மாதம் நல்லது?

இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே இறங்கிக் கிடக்கும்போது ஒன்று. ஐப்பசி மழை விழுந்து கார்த்திகையில் கண்மாய் நிரம்பி நிற்கும்போது ஒன்று. மழையில் சில கிணறுகளில் நஞ்சு நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். சிலவற்றில் தண்ணீர் மட்டம் ஏறி, மேலே காய்ந்து கிடந்த கெட்ட மண்ணைத் தொட்டுக் கூடுதலாகக் காட்டும். ஒரே ஒருமுறை, அதுவும் கண்மாய் ததும்பும் மாதத்தில் எடுத்துவிட்டு 'அளவுக்குள் இருக்கிறது' என்று எழுதினால், அந்தத் தாளில் தேதியைக் காட்டி வைகாசிக்கு மறுபடி வரச் சொல்லுங்கள். போரில் எடுப்பதாக இருந்தால் மோட்டாரைப் போட்டவுடனே பாட்டிலை நீட்ட விடாதீர்கள். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் வெளியேறி, மீட்டரில் மின்கடத்துத்திறன் எண் ஏறாமல் இறங்காமல் நிற்கும்வரை ஓடட்டும். பதினைந்து நிமிடமோ அரைமணியோ ஆகலாம். அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் நிலத்தடித் தண்ணீர்.